கொடுப்பது உரிமை, மறைப்பது?

ஜேசன் ரீட்மன் இயக்கத்தில் 2007இல் வெளிவந்த ‘ஜூனோ’ படத்தின் நாயகி பதினாறு வயதுப் பள்ளி மாணவி. ஊர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். வயிற்றிலிருக்கும் பிள்ளையை மார்க்–வனெஸ்ஸா தம்பதிக்குத் தத்துக் கொடுக்க முடிவெடுத்து, அவர்கள் வீட்டுக்குத் தன் தந்தையோடு போகிறாள். குழந்தை வளரும்போது படங்களும் செய்திகளும் வந்துகொண்டிருக்க வேண்டுமா என்று வழக்கறிஞர் கேட்கிறார். அதெல்லாம் வேண்டாம், மோசேயைக் கூடையில் வைத்து அனுப்பியது போல அனுப்பிவிடுகிறேன் என்கிறாள் ஜூனோ. திரையரங்கில் சிரிப்பு எழுந்த இடம் அது. ஆனால் விவிலியத்தில் வரும் மோசேயின் கதையில் நடந்தது வேறு. அக்காள் எட்ட நின்று கூடையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பெற்ற தாயே செவிலியாக வந்து பாலூட்டினாள். வளர்ந்த பிள்ளைக்குத் தன் இனத்தார் யாரென்று தெரிந்திருந்தது.

பிள்ளையைக் கொடுக்க ஜூனோவுக்கு உரிமை உண்டு. அதில் ஐயமே வேண்டாம். கருக்கலைப்பு மருத்துவமனை வரை போய்த் திரும்பியதும், தத்துக் கொடுப்பதென்று தீர்மானித்ததும் அவளேதான். மருத்துவச் செலவுக்கு மேல் பணம் வேண்டுமா என்று கேட்டபோது மறுத்தாள். மார்க் மனைவியை விட்டு விலகிய பின்னும், தனியாக நிற்கும் வனெஸ்ஸாவையே நம்பினாள். வளர்க்க இயலாத பிள்ளையை வளர்க்கத் தவிப்பவளிடம் ஒப்படைப்பதைக் கைவிடுதல் என்று சொல்வது அநியாயம். டயப்லோ கோடியின் ஆஸ்கர் பெற்ற திரைக்கதை இந்தப் பெண்ணை எங்கும் கூனிக்குறுக விடவில்லை. அதற்காகவே அதைப் போற்றலாம்.

ஏனெனில் அவளுக்கு முந்தைய தலைமுறைப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1973 வரை, அமெரிக்காவில் மணமாகாமல் கருவுற்ற பெண்கள் ஏராளமானோர் வெளியூர் விடுதிகளில் மறைத்து வைக்கப்பட்டார்கள். பிள்ளை பிறந்ததும் கையெழுத்து வாங்கப்பட்டது. தானும் தத்துப்பிள்ளையான ஆன் ஃபெஸ்லர், அத்தகைய பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சந்தித்து 2006இல் ஒரு நூல் எழுதினார். அவர்களிடம் ரகசியம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. குடும்பத்தின் மானத்துக்காகக் கட்டப்பட்ட அந்தத் திரையைத்தான் ஜூனோ தன் விருப்பமாக எடுத்துக்கொள்கிறாள்.

தாயின் மனம் மாறக்கூடும் என்பதை மினசோட்டா சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. பிரசவமாகி 72 மணி நேரத்துக்கு முன் ஒப்புதல் தர முடியாது. தந்த ஒப்புதலையும் 10 வேலை நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். பிள்ளைக்கோ இப்படியொரு அவகாசம் கிடையாது. தத்து முடிந்ததும் வளர்ப்புப் பெற்றோரின் பெயரோடு புதிய பிறப்புச் சான்று தயாராகிறது, பழையது பூட்டப்படுகிறது. என் முகம் யாருடைய சாயல், என் குடும்பத்தில் என்ன நோய் உண்டு, என்னை ஏன் கொடுத்தார்கள் என்று இருபது வயதில் அந்தப் பிள்ளை கேட்டால், எந்தத் தாளிலும் கையெழுத்திடாத அதற்கு என்ன பதில்?

எதிர்த்தரப்பிலும் கனமான நியாயம் இருக்கிறது. வன்முறையால் கருவுற்றுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேறொரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டவள் இருப்பாள். பெயர் வெளியே வராது என்ற வாக்கை நம்பிக் கையெழுத்திட்டவள் அவள். ஒரு நாள் தொலைபேசி ஒலித்தால் அவள் என்ன செய்வாள்? அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் யாருக்குப் பிறந்தோம் என்று அறிவது வேறு, அவரோடு உறவு கோருவது வேறு. தொடர்பு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கத் தாய்க்கு வழி செய்யலாம். அதை மதிக்கும்படி பிள்ளையைக் கேட்கலாம். பிறந்த கதையையே அழித்துவிட யாருக்கும் அதிகாரமில்லை, பெற்றவளுக்கும்கூட.

படத்தின் முடிவில் வனெஸ்ஸா, ஜூனோ எழுதிய சிறு குறிப்பைச் சட்டமிட்டுக் குழந்தையின் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். ஜூனோவின் பெயர் அதில் இருக்கிறது. வளர்க்க வந்தவள் உண்மையை மறைக்க நினைக்கவில்லை. அவள் செய்ததே சரி.

இங்கிலாந்தில் தத்துப்பிள்ளைகள் 18 வயதில் தங்கள் பிறப்புப் பதிவைப் பெறும் உரிமை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்துவிட்டது. மினசோட்டாவில் அது 2024 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் சம்மதம் இனி அங்கே தேவையில்லை. பதிவேடுகளை இன்னும் பூட்டியே வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களும் தாமதமின்றி அவற்றைத் திறக்க வேண்டும்.