அழுதால் ஈமான் போய்விடுமா?



சில மாதங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒரு பையனின் ஜனாஸா. ஏழு வயது. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் அவனுடைய தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டார். உறவுக்காரர் ஒருவர், "அழாதே, ஈமான் போய்விடும், உன் அமலில் ஏதோ குறை" என்று சொல்லியிருக்கிறார்.

ஹிஜ்ரி 10-ம் ஆண்டு. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம், கொல்லர் அபூ ஸைஃப் (ரலி) அவர்களின் மனைவியிடம் பால் குடித்து வளர்ந்த பச்சைக் குழந்தை. உயிர் பிரிந்துகொண்டிருக்கிறது. பெருமானாரின் கண்கள் வழிகின்றன. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்க, இது ரஹ்மத் என்று விளக்கிவிட்டு நபியவர்கள் மறுபடியும் அழுதார்கள். கண் அழலாம், உள்ளம் நோகலாம். நாவு மட்டும் ரப்புக்குப் பிடிக்காததைப் பேசக்கூடாது. அவர்கள் போட்ட எல்லை அவ்வளவுதான்.

அன்று சூரிய கிரகணமும் பிடித்தது. இப்ராஹீமின் மவ்த்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு தகப்பனுக்கு ஆறுதலான பேச்சுதான். ஆனால் நபியவர்கள் அதை விட்டுவைக்கவில்லை. தொழவைத்து, யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். தன் பிள்ளையின் மவ்த்துக்குப் பெருமை சேர்த்த காரணத்தையே மறுத்த நபியின் உம்மத் நாம். அடுத்தவர் பிள்ளையின் மவ்த்துக்குக் காரணம் சொல்ல நமக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது? அமல் குறைந்தால்தான் பிள்ளை போகும் என்றால், ஏழு மக்களில் ஆறு பேரைத் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்த நபியவர்களைப் பற்றி என்ன சொல்வோம்? நஊது பில்லாஹ்!

யஃகூப் (அலை) அவர்களுக்கு மகனைப் பிரிந்த துயரத்தில் பார்வையே போனது. அழகிய பொறுமை என்று சொன்னவரும் அவர்தான். அவர் அல்லாஹ்விடம் முறையிட்டார்; அல்லாஹ்வைப் பற்றிப் பிறரிடம் முறையிடவில்லை. மதரஸாவில் ஓதியபோது எனக்கு இது விளங்கவில்லை. பல மையவாடிகளில் நின்ற பிறகே விளங்கியது. உங்களில் யாராவது நடு இரவில் துஆவில் "ஏன் எனக்கு?" என்று அழுதுகொண்டிருந்தால் பயப்படாதீர்கள். இன்னும் அவனிடம்தானே கேட்கிறீர்கள்.

ஜஃபர் (ரலி) மூத்தா போரில் ஷஹீதானபோது, அவர் வீட்டாருக்குச் சாப்பாடு செய்து கொடுக்கச் சொன்னார்கள் நபியவர்கள். மவ்த்தான வீட்டில் நமக்குள்ள வேலை அதுதான். (நம்மூரில் அந்த வீட்டுக்காரர்களே நமக்கு ஆக்கிப் போட வேண்டியிருக்கிறது. அதை வேறொரு ஜும்ஆவில் பேசுவோம்.)

அந்தத் தகப்பனாரிடம் நான் இப்ராஹீமைப் பற்றி மட்டும் சொன்னேன். சுவரில் சாய்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு ஒளூ செய்யத் தண்ணீர் எங்கே என்று கேட்டார். அஸருக்குப் பாங்கு சொல்லியிருந்தார்கள்.