நீயும் நீங்களும்

எந்த அந்நிய பாஷையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாலும் முதல் பாடம் முகமன் வார்த்தைகளாகத்தான் இருக்கிறது. சுலபமான பாடம் என்று நினைத்து அதை முதலில் வைக்கிறார்கள். எனக்கென்னவோ அதைவிடக் கஷ்டமான பாடம் வேறு இல்லை என்றே தோன்றுகிறது. வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முகமனில் ஒரு சொல் தப்பினால் எதிரே நிற்கிறவர் முகம் சுருங்கிவிடும்.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களின் குழந்தைகளில் பலர் அங்கே நடுநிலை வகுப்புகளில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட பையன் ஒருவன், கரிசல் சீமையிலுள்ள இளையரசனேந்தலுக்கு, தாத்தா வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினான். காலையில் 'புவேனோஸ் தியாஸ்', பிற்பகலில் 'புவேனாஸ் தார்தேஸ்', இரவில் 'புவேனாஸ் நோச்செஸ்'. இந்தக் கடைசியைச் சந்திக்கும்போதும் சொல்லலாம், விடைபெறும்போதும் சொல்லலாம். 'சௌக்கியமா?' என்று கேட்பதில்தான் விவகாரம். தோழனைக் கேட்டால் 'தூ'. ஆசிரியரையோ முன்பின் தெரியாத பெரியவரையோ கேட்டால் 'உஸ்தெத்'. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே வகுப்பில் மற்றப் பிள்ளைகள் திண்டாடுகிறார்களாம். இவனுக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ்; 'நுவ்வு - மீரு', 'நீ - நீங்கள்' என்று தொட்டிலிலேயே இரண்டு தரம் படித்தவன்.

'உஸ்தெத்' என்பது 'தங்கள் கருணை' என்ற பழைய தொடர் நாக்கில் தேய்ந்து தேய்ந்து வந்த சொல். ஜமீன் இருந்த ஊருக்கு இந்தச் சரித்திரத்தை விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் வருஷத்துச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. நாக்கில் இருந்த ஜமீனுக்கு எந்தச் சட்டசபையிலும் மசோதா வரவில்லை.

பாடத்துக்கு நடுவே, தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் முற்றத்தில் வந்து நின்றார். எழுபது வயதுக்குக் குறையாது. தாத்தா, "என்னடா, இப்பத்தான் வாரியாக்கும்?" என்றார். பையன் என் பக்கம் திரும்பி, "இவருக்கு உஸ்தெத்தானே?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் பாடப் புத்தகத்தில் விதிக்கு விலக்கு இல்லை. நம் பாடப் புத்தகத்திலும் இல்லைதான். விலக்குகளை எல்லாம் நாம் வீட்டிலேயே, வாய் திறந்து சொல்லாமலே கற்பித்துவிடுகிறோம்.

'இதெல்லாம் பிரியத்தில் சொல்வது; அம்மாவையும் சாமியையும் நீ என்று அழைக்கவில்லையா?' என்று தாத்தாக்கள் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் அம்மா நம்மையும் 'நீ' என்கிறாள். தோழர்களுக்குள் 'தூ' போகிறது, 'தூ' திரும்பி வருகிறது. அந்தப் பெரியவர் ஒரு நாள் திண்ணையைப் பார்த்து, 'என்னடா, சாப்பிட்டியா?' என்று பிரியமாகக் கேட்கட்டும். அப்புறம் இந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. 1936 டிசம்பரில் பார்சலோனாவுக்குப் போய்ச் சேர்ந்த ஜார்ஜ் ஆர்வெல், புரட்சி நடந்த அந்த நகரத்தில் 'உஸ்தெத்' மறைந்து எல்லாரும் எல்லாரையும் 'தூ' என்றே அழைத்தார்கள், 'புவேனோஸ் தியாஸ்' போய் 'சலூத்' வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். மேலே இருப்பவனைக் கீழே இறக்கிச் சமமாக்குகிற முறை அது. கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக 'நீ' என்பதை மட்டுமே கேட்டு வந்தவனிடம் போய், 'இனிமேல் எல்லாருமே நீதான்' என்று சொன்னால் அவனுக்கு என்ன லாபம்? அவனுக்கு வரவேண்டிய பாக்கி 'நீங்கள்'. முதலில் அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்; பிறகு வேண்டுமானால் எல்லாருமாகச் சேர்ந்து 'நீ'க்கு இறங்கலாம்.

பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் நுழைந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்கிறது. அதே பிள்ளைகள், அந்த அறையைப் பெருக்கிவிட்டுப் போகும் அம்மாளைக் கடந்து மௌனமாக வருகிறார்கள். காலையில் வாசலில் அந்த அம்மாளைப் பார்த்து ஆசிரியர் என்ன சொன்னார் என்பது மட்டும் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.