கொடாத சொல்லைக் கொள்ளலாமா?

திக்கிப் பேசும் சிறுவன் ஒருவன் நம் முன் நிற்கின்றான். முதலெழுத்திலேயே தடுமாறுகின்றான். அவன் கூற விழையும் சொல் இன்னதென நமக்குப் புலப்பட்டுவிடுகின்றது. இரக்கம் மேலிட, அச்சொல்லை நாமே கூறி முடித்துவிடுகின்றோம். இச்செயல் கருணையா? அன்பர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

எள்ளி நகையாடுதல் ஹிம்சை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. மனம், மொழி, மெய் மூன்றாலும் பிறவுயிர்க்கு ஊறு செய்தலாகாது என்பதை இல்லறத்தார் அனைவரும் அறிவர். ஆனால், இரக்கத்தின் பெயரால் செய்யும் தவற்றை நாம் எளிதில் உணர்வதில்லை. கள்ளாமை என்னும் விரதத்திற்குப் பெரியோர் கூறும் இலக்கணம், கொடாததைக் கொள்ளாதிருத்தல் என்பதாகும். இது பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டுமா? ஒருவன் கூற முயலும் சொல் அவனது உடைமை. அவன் தருமுன் அதனைப் பறிப்பதும் கொடாததைக் கொள்ளுதலே. நாம் ஊகித்த சொல் பிழையாயினும், தொல்லை தீர்ந்தால் போதுமென்று அவன் தலையசைத்துவிடுகின்றான். அங்கே பொய்யாமையும் பழுதுபடுகின்றது.

திக்குவாய் நாவின் குற்றமன்று, அறிவின் குறையுமன்று. 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேர்க்கு, பெரும்பாலும் 2 முதல் 5 வயதிற்குள், இது தோன்றுகிறது. அவருள் மிகப் பலர் தாமே தேறிவிடுகின்றனர். வளர்ந்தோரில் 100க்கு ஒருவர்க்கே நிலைக்கிறது. மரபுவழியும் மூளையில் பேச்சு இயங்கும் முறையும் இதற்குக் காரணங்கள் என்பர் அறிஞர். தனித்துப் பேசுகையில் திக்கும் சிறுவன், பலரோடு சேர்ந்து பஞ்ச நமஸ்காரம் ஓதும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. ஆகவே, நாவில் வசம்பு தேய்ப்பதாலும் நாவின் அடிநரம்பை அறுப்பதாலும் பயனில்லை.

இடையீடு எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்குச் சான்றுண்டு. 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அனாதை இல்லம் ஒன்றில் இயல்பாகப் பேசிய குழந்தைகள் சிலரிடம் ‘உங்கள் பேச்சில் திக்கல் உள்ளது’ என்று கூறி, அடிக்கடி திருத்தினர். திக்கல் அதனால் பிறப்பதன்று. ஆயினும் அக்குழந்தைகள் பேசவே கூசி ஒடுங்கினர். அயோவா பல்கலைக்கழகம் 2001இல் இதற்கு மன்னிப்புக் கோரியது.

‘மௌனம் நன்றுதானே?’ எனச் சிலர் வினவலாம். முனிவரது மௌனம் தாமே விரும்பி ஏற்ற விரதம். வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ என்று கூற அஞ்சி வாய்மூடிய குழந்தையின் மௌனம், பிறர் விதித்த தண்டனை. இரண்டும் ஒன்றாகா. கேரளத்தின் முதல் முதலமைச்சராக 1957இல் பொறுப்பேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு திக்குவாய் உடையவர். ‘எப்போதும் திக்குமோ?’ என்று வினவியவர்க்கு, ‘இல்லை, பேசும்போது மட்டும்’ என விடையளித்தார் என்பர். அவர் பேசி முடிக்கும்வரை ஒரு நாடே காத்திருந்தது.

ஆறு திங்களுக்கு மேலும் திக்கல் நீடித்தால், பேச்சுப் பயிற்சியாளரை நாடுதல் வேண்டும். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்னும் நடுவணரசுத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைச் சோதித்து, வேண்டுவோரை மாவட்ட மையங்களுக்கு அனுப்புகின்றனர். எனினும் ஊர்தோறும் பயிற்சியாளர் இலர். இராமநாதபுரம் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். இராமேசுவரத்து மீனவர் ஒருவர் தம் மகனை மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச்செல்ல 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அன்றைய வருவாயையும் இழக்க வேண்டும். அவ்வாறு சென்றாலும், பயிற்சி கிடைப்பது வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் குழந்தை இருப்பது வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் அண்டை அயலாரிடமும் அன்றோ?

அவர்கள் செய்யத்தக்கவை அரியவை அல்ல. குழந்தையின் முகம் நோக்கிக் கேட்டல். ‘மெதுவாகச் சொல்’ என்று ஏவாமல் தாம் நிதானமாகப் பேசுதல். எவ்வாறு கூறினான் என்பதை விடுத்து, என்ன கூறினான் என்பதற்கு விடையளித்தல். சொல்லை முடித்துக் கொடாதிருத்தல்.

அக்கடற்கரையிலேயே, பாம்பன் பாலம் 1914 முதல் கப்பல்களுக்குத் திறந்து வழிவிட்டது. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அவ்வாறே உயர்ந்து வழிவிடுகின்றது. கப்பல் கடக்குமளவும் இரயில் காத்திருக்கின்றது. ஒரு குழந்தையின் சொல் கரைசேரச் சில நொடிகள் காத்திருத்தல் நமக்கு அரிதோ? அக்காத்திருப்பும் ஓர் அணுவிரதமே எனக் கொள்வோமாக.