வலிக்கு மருந்தா, தொந்தரவுக்கு மருந்தா?



நோயாளிகளைச் சந்திக்கப் போன இடத்தில், நெடுங்காலம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு பாட்டியம்மாள் தலையணைக்கடியிலிருந்து சிறு குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். பெங்களூரிலுள்ள பேரன் அனுப்பிய கஞ்சா இலை எண்ணெய். "முழங்கால் வலி தாங்கல சாமி. இதை நாக்குல விட்டா பாவமா?" என்று கேட்டார்.

வலி தணியத் தேடுவது பாவமல்ல. பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24-ல் வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், கடும் நோவைத் தணிக்கப் போதை தரும் மருந்தையும் கொடுக்கலாம், ஆனால் தக்க காரணமின்றி நோயாளியின் சுயநினைவைப் பறிக்கலாகாது என்று போதித்தார்.

நம் நாட்டில் 1985-ம் வருடத்துச் சட்டம் கஞ்சாவின் பூவையும் பிசினையும் தடுக்கிறது. மருத்துவத்துக்கு வழி விடுகிறது. தனித்த இலை அந்தத் தடைக்குள் வராது. சித்த வைத்தியத்திலும் கஞ்சா உண்டு. ஆயினும் மருந்து விதிகள் அதை நச்சுச் சரக்குகளோடு சேர்த்து, வைத்தியர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளும்படி குப்பியின்மேல் எழுதச் சொல்கின்றன. பாட்டியின் குப்பியிலும் அது ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசித்துச் சொல்லத்தான் ஆளில்லை.

எச்சரிக்கை வீணல்ல. முழங்கால் வலியை இது தீர்க்கும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. முதியோருக்குத் தலைசுற்றல், படபடப்பு, மனக்குழப்பம் உண்டாகலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் மிகும். இரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தக்கசிவுக்கும் இடமுண்டு. நம் மலைப் படிகளில் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். ஆகையால் வைத்தியரைக் கேளாமல் உட்கொள்வதும், முதியோர் இல்லங்களில் பக்கத்துக் கட்டிலுக்குப் பங்கிடுவதும் தர்மமாகாது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. மருந்து யாருடைய சுகத்துக்கு? நோவுபட்டவர் நிம்மதியாய் உட்கார்ந்து பேசவும் ஜெபிக்கவும் கொடுத்தால் அது அன்பு. இரவில் அவர் கூப்பிடாமல் தூங்கினால் போதுமென்று கொடுத்தால், வாய்க்குத் துணி அடைப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் என்ன? குப்பி வந்து சேர்ந்தது. பேரன் வந்து ஆறு மாதமாயிற்று.

"பாவமில்லை பாட்டி, வைத்தியரிடம் காட்டும்வரை மூடி வையுங்கள்" என்றேன். பேரனைத் தொலைபேசியில் அழைத்து, நீயே வந்து கூட்டிப் போ என்றேன். வருகிற சனிக்கிழமை வருகிறானாம்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு குப்பி இருந்தால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.