விசுவாசம் என்றால் என்ன?



நம் முன்னோர் விசுவாசம் என்று சொல்லிவந்த புண்ணியத்தை, 1995-ல் வெளியான திருவிவிலியத்தில் நம்பிக்கை என்று வாசிக்கிறோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க பாஷையில் அதற்குரிய சொல் பிஸ்திஸ் என்பதாம். ஒருவரை நம்புவதும் பிஸ்திஸ். நம்பினவரை விட்டு விலகாமல் நிற்பதும் பிஸ்திஸ்.

இது எப்படித் தெரியும்? அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 3-ம் அதிகாரத்தில், மனிதர் சிலர் தவறிப்போனாலும் சர்வேசுரனுடைய பிஸ்திஸ் அற்றுப்போகாது என்று போதிக்கிறார். சகலமும் அறிந்த சர்வேசுரன் யாரை விசுவசிக்க வேண்டும்? ஆகையால் அங்கே அச்சொல்லுக்குப் பிரமாணிக்கம் என்றே பொருள். மெய்விவாகத்தன்று பீடத்தின் முன் கைபிடித்து நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே, அதே பிரமாணிக்கம்தான். நம் தமிழும் இதை அறியும். உண்ட வீட்டுக்கு விசுவாசமாயிருக்கிறான் என்று ஊரில் சொல்கிறோம் அல்லவா?

அர்ச். அருளப்பர் தம்முடைய சுவிசேஷத்தில் பிஸ்திஸ் என்னும் பெயர்ச்சொல்லை ஒருதரமும் எழுதவில்லை. விசுவசித்தல் என்னும் வினைச்சொல்லையோ 98 தரம் எழுதியிருக்கிறார். விசுவாசம் அன்றாடம் செய்யவேண்டிய காரியம் என்று இதிலிருந்து கற்றுக்கொள்வோம். சர்வேசுரன் ஒருவர் உண்டென்று பசாசுகளும் அறிந்து நடுங்குகின்றன என்கிறார் அர்ச். இயாகப்பர். பசாசுக்கு அறிவு உண்டு, பிரமாணிக்கம் இல்லை.

நம் மதுரை மிஷனில் உழைத்த சேசுசபைக் குரு அர்ச். அருளானந்தரைப் பாருங்கள். 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டுக் கொடிய வேதனைகள் அனுபவித்தார். இனி அங்கே போதிக்கலாகாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். பின்பு போர்த்துக்கல் சென்றபோது, சிறுவயதில் தம்மை அரண்மனையில் அறிந்திருந்த இரண்டாம் பெத்ரோ அரசர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவர் தங்கவில்லை. 1690-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். 1693 பெப்ருவரி 4-ந் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். விசுவாச மந்திரத்தின் ஒவ்வொரு பிரிவையும் லிஸ்போவாவில் இருந்துகொண்டே அவர் ஏற்றுச் சொல்லியிருக்கலாம். அவரை ஓரியூர் மணலுக்குக் கொண்டுவந்தது பிரமாணிக்கம்.

நம் ஆனையூர்க் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி எழுவதுண்டு. “சாமி, பிள்ளை பிழைக்கவேண்டுமென்று உருகி வேண்டினேன். பிள்ளை போய்விட்டது. என் விசுவாசம் போதவில்லையோ?” அம்மா, விசுவாசம் என்பது கேட்டதை வாங்கித்தரும் விலையல்ல. அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, கண்ணீரோடு பூசைக்கு வந்து முழந்தாளில் நின்றீர்களே, அதுதான் பிஸ்திஸ். அப்போது ஒரு ஜெபமும் வாயில் வராதிருந்திருக்கலாம். ஆயினும் நீங்கள் ஆண்டவரை விட்டுப் போகவில்லை. படுக்கையில் கிடக்கும் புருஷனை ஆண்டுக்கணக்காய்ப் பராமரிக்கிற மனைவியும் அந்தப் பாடத்தையே நமக்குக் கற்பிக்கிறாள்.

ஆகையால் பிரியமானவர்களே, இன்றிரவு குடும்ப ஜெபத்தில் விசுவாச மந்திரத்தை அவசரமின்றிச் சொல்லுங்கள். சேசுவே, உம்மை விட்டுப் போகமாட்டேன் என்ற கருத்தோடு சொல்லுங்கள். துன்பத்தில் நம் பிடி தளரலாம். நம்மைப் பிடித்திருக்கிறவருடைய கரம் தளராது. அவர் பிரமாணிக்கமுள்ளவர்.

ஆமென்.