‘தொடாதே’ என்றொரு தெய்வம்

ஆயுத பூஜையன்று சர்வருக்குப் பொட்டு வைப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் நாத்திக நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் சிலர் வீட்டிலேயே சர்வர் வைத்துச் சின்னச் சின்ன இணையதளங்களை நடத்துகிறார்கள். “பேக்கப் இருக்கிறதா?” என்று கேட்டால், “தினமும் ராத்திரி தானாகவே எடுத்துக்கொள்கிறது” என்பார்கள். “திறந்து பார்த்ததுண்டா?” என்றால் பதில் வராது. பொட்டு வைப்பவராவது வருஷத்துக்கு ஒருமுறை மெஷினைத் துடைக்கிறார்.

இந்த வீட்டு சர்வர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். திரை உடைந்த பழைய லேப்டாப்பில் ஒரு தளம். ரவுட்டர் பக்கத்தில் கிடக்கும் ‘ராஸ்பெர்ரி பை’ என்ற கையடக்கக் கணினியில் இரண்டு. அலமாரி மேலே உள்ள பழைய கணினியில் மீதி. நின்றுபோன சிற்றிதழின் பழைய இதழ்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய ஊர் வரலாறு, யாரோ ஒருவருடைய கவிதைகள் என்று பலதும் அவற்றில் இருக்கும். எந்த டொமைன் எந்த மெஷினுக்குப் போகிறது என்பது ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் அப்டேட் போட மாட்டார், இடம் மாற்ற மாட்டார். கேட்டால், “ஓடிக்கிட்டிருக்கிறதைத் தொடக் கூடாது சார்” என்பார்.

இது அனுபவ ஞானம் போலத் தோன்றும். ஆனால், ஏன் ஓடுகிறது என்று தெரியாததால்தான் நின்றுவிடுமோ என்ற பயம் வருகிறது. காரணம் தெரியாத ஒன்றுக்குப் பயந்து, அதைத் தொடாமல், அது அருள்பாலிக்கும்வரை பிழைத்துக்கொள்வதற்குப் பெயர் பகுத்தறிவு அல்ல.

சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும்? மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பாருங்கள். நள்ளிரவுக் களைப்பில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து, முதன்மைத் தரவுதளத்தையே அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபிதான். ‘நம்மிடம்தான் ஐந்து வகைப் பாதுகாப்பு இருக்கிறதே’ என்று ஒவ்வொன்றாகத் திறந்தால் எதுவும் உருப்படியாக இல்லை. தினசரி பேக்கப் எப்போதோ செயலிழந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. புகார் வராததையே ஆரோக்கியத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டதுதான் அங்கே நடந்த பிழை. நடந்ததை அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது. பொறியாளர்மேல் பழி போடவும் இல்லை. அந்த நேர்மைதான் அறிவியல் மனப்பான்மை.

“அதனால்தான் பெரிய கம்பெனியிடம் விட்டுவிட வேண்டும்” என்பார்கள். தெய்வத்தை மாற்றினால் பக்தி தீர்ந்துவிடுமா? கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்த ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையதளச் சேவையை யாஹூ 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தபோது, அசலும் நகலும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். வீடா கம்பெனியா என்பதல்ல கேள்வி. சோதித்தீர்களா, இல்லையா?

இதில் அறம் எங்கே வருகிறது? உங்கள் புகைப்படம் போனால் அது உங்கள் நஷ்டம். அடுத்தவர் எழுத்தை ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வாங்கி வைத்த பிறகு அது பொழுதுபோக்கு இல்லை. இலவசமாகச் செய்கிறேன் என்பது கடமையைக் குறைக்காது.

தளங்களை அடுக்கி ஒழுங்குபடுத்தக் கிளம்புகிறவர்களுக்கும் இந்தக் கடமை பொருந்தும். முகவரிகளை அழகுபடுத்தும் ஆசையில் பழைய லிங்க்குகளை உடைத்துவிடுகிறார்கள். அந்த லிங்க்கை நம்பி அடிக்குறிப்பு போட்ட மாணவரைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. முகவரியை மாற்றுவதற்கு நியாயமான காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை என்று, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே வாதிட்டார். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வருகிறவரைப் புதிய இடத்துக்கு அனுப்ப 301 என்ற பதில் குறியீடு இருக்கிறது; சர்வர் அமைப்பில் ஒரு வரி. வேண்டுமென்றே நீக்கினால் 410 இருக்கிறது. வழக்கமாக வரும் 404 வெறும் கைவிரிப்பு. 410 ‘ஆம், எடுத்துவிட்டோம்’ என்ற ஒப்புதல்.

சோதிக்காத நம்பிக்கைக்கு ஒரு மாற்றும் உண்டு. இணையதளங்களுக்கான பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், தொடக்கத்தில் அதன் ஆயுளை 90 நாள் என்று வைத்தது. ஏன் இவ்வளவு குறைவு என்று சலித்துக்கொண்டார்கள். சாவி திருடு போனாலும் சேதம் நீளக் கூடாது, புதுப்பிப்பதைத் தானியங்கியாக்க வேண்டும் என்பதற்காகத்தான். நம்பிக்கைக்கே காலாவதித் தேதி குறித்த ஏற்பாடு இது. நம் மற்ற நம்பிக்கைகளுக்கும் அப்படியொரு தேதி வேண்டும்.

செய்ய வேண்டியது சொற்பம். எந்தத் தளம் எந்த மெஷினில், டொமைன் யார் பெயரில், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இன்னொருவரிடம் கொடுங்கள். ஒரு நகலை வேறு ஊரில் வையுங்கள். அந்த நகலிலிருந்து வெற்று மெஷினில் தளத்தை எழுப்பிப் பாருங்கள். முடியாவிட்டால், எழுதியவர்களுக்குத் தகவல் சொல்லி, கோப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தளத்தை மூடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

கடவுள் இல்லை என்று மேடையில் சொல்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. “உங்கள் எழுத்துக்கு என்னிடம் பேக்கப் இல்லை” என்று எழுதியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கிறது?