மனமும் உடம்பின் பக்கம்தான்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகள், செமஸ்டர் தேர்வு நெருங்கினால் முதலில் கைவிடுவது விளையாட்டைத்தான். கபடி நின்றுபோகும், வாலிபால் மூலைக்குப் போகும், காலை ஓட்டம் மறந்துபோகும். பெற்றவர்களுக்கும் அதில் ஒரு நிம்மதி. காலுக்குக் கொடுக்கும் நேரம் மூளையிடமிருந்து பறித்தது என்பது வீட்டுக் கணக்கு. மனம் உடம்போடு சேர்ந்ததா, உடம்புக்கு அப்பால் நிற்பதா என்ற பழைய தத்துவக் கேள்விக்கு யோசிக்காமலே சொல்லப்பட்ட பதில் அது.

ஐரோப்பாவில் தத்துவவாதி தெகார்த் மனம், உடம்பு இரண்டையும் முற்றாகப் பிரித்தார். உருவமே இல்லாத மனம் உடம்பை எப்படி அசைக்கும் என்று 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவரைத் திருப்திப்படுத்தும் பதில் தெகார்த்திடமிருந்து வரவில்லை.

சைவ சித்தாந்தம் கோட்டை வேறு இடத்தில் கிழித்தது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்கள் நான்கும் மாயையில் பிறந்தவை. கைகால்களைப் போலவே சடப்பொருள். அறிகிறவன் உயிர். தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) நான்கும் அந்த உயிருக்குக் கிடைத்த உதவிகள். ஆணவம் என்ற அறியாமை இருளில் கிடக்கும் அதற்கு, விடியும்வரை ஏற்றி வைத்த விளக்கு. இப்படிப் பார்த்தால் மனமும் உடம்பும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஓடிவிட்டு வந்த மாணவியின் மனம் தெளிவதில் வியப்பு ஏதும் இல்லை. ஒரே விளக்கில் எண்ணெய் ஊற்றினால் திரி எரியத்தானே செய்யும்?

உடம்பை இகழும் குரல் தமிழில் இல்லாமல் இல்லை. பட்டினத்தார் அதன் அழிவைப் பாடிப் பாடிப் பயமுறுத்தினார். ஆனால் உடம்பை முதலில் இழுக்கென்று எண்ணியிருந்த திருமூலர், அதற்குள்ளேயே இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். சித்தர்கள் தவமிருந்ததாகக் கம்பம் பள்ளத்தாக்கு நம்பும் சுருளி மலையும் திருமூலர் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

தேர்வுப் பயத்தில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் மனமும் உடம்பும் ஒரே பக்கம் என்பது இன்னும் விளங்கும். அட்ரினல் சுரப்பி கார்டிசாலைச் சுரக்கிறது. கொஞ்ச நேரம் என்றால் அது நல்லது, விழிப்பைத் தரும். வாரக்கணக்கில் நீடித்தால் நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி பாதிக்கப்படும். உடற்பயிற்சியும் இதயத்தைப் படபடக்க வைக்கிறது; ஆனால் படபடப்பிலிருந்து அமைதிக்குத் திரும்பும் வழியை உடம்புக்குப் பழக்கிவிடுகிறது. கூடவே, நரம்பணுக்களை வளர்க்கும் புரதமும் மூளையில் கூடுகிறது. அமெரிக்காவில் ஓராண்டு ஒழுங்காக நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவு மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் கணிசமாகக் கூடின. ஒரே சரியான விடையைத் தேடும் கேள்விகளில் அந்த லாபம் தென்படவில்லை. ஆக, நடந்தால் மார்க் கூடிவிடும் என்று ஆசை காட்டுவது நியாயமில்லை.

காந்திக்குக் கோயில் கட்டிய ஊர் காமயகவுண்டன்பட்டி. அவரோ பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பை வெறுத்தவர். படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அன்று நினைத்தது தவறு, பாடத்திட்டத்தில் இரண்டுக்கும் சம இடம் வேண்டும் என்று சுயசரிதையில் எழுதினார். அவரைக் காப்பாற்றியது நீண்ட நடைப் பழக்கம். 1930இல் 60 வயதில் தண்டிக்கு 24 நாள் நடந்த கால்கள், லண்டனில் சட்டம் படித்த காலத்திலேயே தினமும் மைல்கணக்கில் நடந்து பழகியவை. 1897இல் சென்னையில் பேசிய விவேகானந்தர் இன்னும் ஒருபடி மேலே போய், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்தை நெருங்கலாம் என்றே இளைஞர்களிடம் சொன்னார்.

இந்த வட்டாரத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். திராட்சைத் தோட்டத்தில் நாளெல்லாம் கவாத்து செய்கிறவருக்கும், விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் உடம்பு அசையவில்லையா? அவர்கள் மனம் லேசாகிவிட்டதா? இல்லை. கூலிக்கும் கடனுக்கும் அஞ்சி, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் செய்யும் உழைப்பு உடம்பைக் களைக்க வைக்குமே தவிர மனத்தை ஆற்றாது. தானே விரும்பி, தன் வேகத்தில், முடிந்தால் தோழர்களோடு சேர்ந்து அசையும் உடம்புதான் மனத்தை ஆற்றுகிறது. லீவு நாளில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போகும் மாணவனிடம் உனக்கு வேறு பயிற்சி எதற்கு என்று கேட்பது, அவன் களைப்பைத் தெரியாமல் கேட்பது.

பெண் பிள்ளைகளுக்கோ அந்த விருப்பத்துக்கே இடம் கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம். நாளுக்கு அரை மணியாக ஐந்து நாள் வேக நடை போதும். ரோட்டில் தனியாக நடந்தால் யார் என்ன சொல்வார்களோ என்று தயங்கும் மாணவிக்கு அந்த அரை மணி எங்கே? தேர்வு விடுமுறை நாட்களிலும் காலையும் மாலையும் மைதானத்தைத் திறந்து வைத்து, ஓர் உடற்கல்வி ஆசிரியையை அங்கே நிற்கச் சொல்வது கல்லூரிகள் இந்த செமஸ்டரிலேயே செய்யக்கூடிய காரியம்.